ஆக்டோபஸ் வீட்டுப் பிராணி ஆகலாமா?



உங்களில் பலர் வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பீர்கள். கண்ணாடித் தொட்டி, அடியில் கூழாங்கற்கள், ஒரு மூலையில் குமிழி விடும் சிறு பம்பு, நான்கைந்து தங்கமீன்கள். பள்ளி விட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. அந்தத் தொட்டியில் தங்கமீனுக்குப் பதிலாக ஓர் ஆக்டோபஸ் இருந்தால் எப்படி இருக்கும்? நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்கிறார்களே, அதேதான்!

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் ஆக்டோபஸை வீட்டில் வளர்ப்பவர்கள் பல ஆண்டுகளாகவே இருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு வீட்டில் வளர்ந்த ஆக்டோபஸின் முட்டைகளிலிருந்து ஏறத்தாழ 50 குஞ்சுகள் வெளிவந்தன. அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. "நாமும் ஒன்று வாங்கினால் என்ன?" என்ற ஆசை பலருக்கும் எழுந்திருக்கும். உங்களுக்கும் எழலாம்.

இந்தப் பொழுதுபோக்கு சரிதானா? கூடாது என்பது என் கருத்து. ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். விஞ்ஞானத்தில் யார் சொன்னார் என்பது முக்கியம் இல்லை. என்ன காரணம் சொன்னார் என்பதுதான் முக்கியம். என் காரணங்களைச் சொல்கிறேன். எதிர்த்தரப்பின் காரணங்களையும் சொல்கிறேன். இரண்டையும் தராசில் வைத்து நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

தொட்டி பிறந்த கதை

முதலில் எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இன்று உலகமெங்கும் வீடுகளில் இருக்கும் கண்ணாடி மீன்தொட்டிக்கு வித்திட்டதே ஆக்டோபஸின் நெருங்கிய உறவினர் ஒருவர்தான்!

ழான் வில்ப்ரூ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1794-இல் ஒரு சிற்றூரில் பிறந்தார். பாரிஸ் நகரில் தையற்கலைஞராக வேலை பார்த்தார். 1818-இல் திருமணமாகி, இத்தாலியை அடுத்த சிசிலித் தீவின் மெசினா நகருக்குக் குடிபோனார். அங்கே கடலோரத்தில் கண்ட உயிர்களில் அவர் மனத்தைக் கவர்ந்தது ஆர்கொனாட் என்ற பிராணி. அதுவும் ஆக்டோபஸ் இனம்தான். ஆனால் பெண் ஆர்கொனாட் காகிதம் போல மெல்லிய, அழகான ஓட்டுக்குள் வாழ்கிறது.

அந்த ஓடு யாருடையது? துறவி நண்டு காலியான சங்கைப் பிடித்துக்கொள்வது போல, ஆர்கொனாட்டும் வேறு பிராணியின் ஓட்டைப் பிடித்துக்கொள்கிறது என்றனர் பலர். இல்லை, அதுவே செய்துகொள்கிறது என்றனர் சிலர். இந்த வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் உயிருள்ள ஆர்கொனாட்டை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடலுக்குள் போய் உட்கார முடியுமா? ஆகவே அந்த அம்மையார் 1832-இல் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்தார். கடலிலேயே இறக்கி வைக்கும் கூண்டுகளையும் செய்தார். ஆர்கொனாட்டின் ஓட்டில் சிறு துண்டை உடைத்துப் பார்த்தார். அது தன் ஓட்டைத் தானே செப்பனிட்டுக்கொண்டது! குஞ்சு வளர வளர ஓட்டைத் தானே கட்டிக்கொள்வதையும் கண்டார். நெடுநாள் வழக்கு தீர்ந்தது. பின்னாளில் ஆங்கிலேய உயிரியல் அறிஞர் ரிச்சர்டு ஓவன், தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வளர்க்கும் கலையின் தாய் இவரே என்று பாராட்டினார்.

கவனியுங்கள். அவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி இல்லை. நம்மைப் போல ஆர்வம் உள்ளவர், அவ்வளவுதான். எனவே, "பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டும்தான் உயிர்களை வளர்த்துப் பார்க்க வேண்டும், சாதாரண மனிதர் தொடக்கூடாது" என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் வரலாறே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

சாதாரணப் பிராணியா இது?

ஆக்டோபஸ் மெல்லுடலிகள் என்ற பெரிய தொகுதியைச் சேர்ந்தது. நத்தை, சிப்பி, சங்கு எல்லாம் அதன் தூரத்து உறவினர்கள். ஆனால் என்ன வேறுபாடு! அதற்கு எட்டுக் கைகள், மூன்று இதயங்கள். இரத்தம் நீல நிறம். நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு கலந்த ஹீமோகுளோபின். ஆக்டோபஸின் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது செம்பு கலந்த ஹீமோசயனின்.

நரம்பணுக்களைப் பாருங்கள். ஓர் எலிக்கு ஏறத்தாழ 20 கோடி நரம்பணுக்கள் உண்டு. ஆக்டோபஸுக்கோ ஏறத்தாழ 50 கோடி! அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு கையும் தொட்டு, சுவைத்து, ஓரளவு தானே முடிவெடுக்கிறது. 2015-இல் கலிபோர்னியாவின் இருபுள்ளி ஆக்டோபஸின் மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் முழுவதும் படித்தபோது, அதில் ஏறத்தாழ 33,000 மரபணுக்கள் இருக்கக் கண்டார்கள். மனிதனுக்கு இருப்பதைவிட இது அதிகம்.

அறிவு எப்படி? அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலையில் ரோலண்டு ஆண்டர்சனும் ஜெனிபர் மேத்தரும் எட்டு ஆக்டோபஸ்களின் தொட்டிகளில் மிதக்கும் மாத்திரைப் புட்டிகளைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆக்டோபஸ்கள் நீரைப் பீய்ச்சிப் புட்டியை ஓட்டத்தில் தள்ளின. அது சுற்றி வந்ததும் மறுபடி தள்ளின. பந்தைச் சுவரில் அடித்து விளையாடும் சிறுவனைப் போல! 1999-இல் இதை வெளியிட்டார்கள். 2010-இல் வெளியான இன்னொரு சோதனையில் ஒரே மாதிரி உடையணிந்த இருவரில் ஒருவர் உணவு கொடுத்தார். மற்றவர் சொரசொரப்பான குச்சியால் தொட்டார். இரண்டே வாரங்களில் ஆக்டோபஸ்கள் ஆளை அடையாளம் கண்டு, ஒருவரிடம் ஒரு மாதிரியும் மற்றவரிடம் வேறு மாதிரியும் நடந்துகொண்டன.

வலி தெரியுமா அதற்கு? 2021-இல் ராபின் குரூக் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்தார். ஆக்டோபஸின் கையில் சிறிதளவு அசெட்டிக் அமிலத்தை ஊசியால் ஏற்றி, அதற்கு முன்பு அது விரும்பிய அறையில் விட்டார். பிறகு அந்த அறைப் பக்கமே அது போகவில்லை. வலியை மரத்துப்போகச் செய்யும் மருந்து கிடைத்த அறையை ஆக்டோபஸ்கள் விரும்பின. சுட்டதும் கையை இழுத்துக்கொள்வது வேறு. சுட்ட இடத்தை நினைவில் வைத்து வெறுப்பது வேறு. இரண்டாவதைச் செய்யும் பிராணி வலியை உணர்கிறது என்றுதானே கொள்ள வேண்டும்?

இப்படிப்பட்ட ஒன்றை நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் வைக்கப் போகிறோம். அதற்கு நாம் என்னென்ன தர வேண்டும்?

ஆழம் தெரியாமல் காலை விடாதே

முதலாவது, தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ள கடல்நீர் வேண்டும். வளர்ப்பவர்கள் அதிகம் விரும்பும் இருபுள்ளி ஆக்டோபஸ் குளிர்ந்த கலிபோர்னியக் கடலுக்கு உரியது. நீரின் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால்தான் அதற்குச் சுகம். நம் ஊர் அறையில் வைத்த நீர் 30 டிகிரியைத் தொடும். அப்படியானால் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால்? சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஹீமோசயனின் ஆக்சிஜனைச் சுமப்பதில் ஹீமோகுளோபின் அளவுக்குத் திறமையானது இல்லை. விளைவை ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கழிவு. ஆக்டோபஸ் ஊன் உண்ணும் பிராணி. நண்டையும் இறாலையும் தின்று வேகமாக வளர்கிறது. அதன் கழிவிலிருந்தும் மீந்த உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா நஞ்சு. நல்ல தொட்டியில் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் பெருகி நிலைகொள்ளச் சில மாதங்கள் ஆகும். அதுவரை தொட்டி ஆக்டோபஸ் இல்லாமல் காத்திருக்க வேண்டும். ஒரேயொரு ஆக்டோபஸுக்கே 200 லிட்டருக்குக் குறையாத தொட்டி தேவை என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். அதன் எடை மட்டும் 200 கிலோவுக்கு மேல்!

மூன்றாவது, செம்பு. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தன் இரத்தத்திலேயே செம்பைச் சுமக்கும் ஆக்டோபஸுக்கு, நீரில் கரைந்த செம்பு கொடிய நஞ்சு. கடல்மீன்களின் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து போடுவது வழக்கம். அப்படி மருந்திட்ட பழைய தொட்டியில் கல்லிலும் மணலிலும் ஒட்டிய செம்பு மெல்ல மெல்லக் கசியும். வாங்கியவருக்குக் காரணமே தெரியாமல் ஆக்டோபஸ் செத்துப்போகும்.

நான்காவது, மூடி. ஆக்டோபஸின் உடலில் கிளி மூக்கைப் போன்ற அலகுதான் கடினமான பகுதி. அலகு நுழையும் இடுக்கில் உடல் முழுவதும் நுழைந்துவிடும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரத்திலுள்ள தேசியக் காட்சிச்சாலையில் இங்கி என்று ஓர் ஆக்டோபஸ் இருந்தது. 2016-இல் தொட்டியின் மூடி சற்றே திறந்திருந்த ஓர் இரவில் அது வெளியேறி, தரையில் ஊர்ந்து, 50 மீட்டர் நீளமுள்ள வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. கெட்டிக்காரப் பிராணிதான்! ஆனால் காட்சிச்சாலையின் வடிகால் கடலில் முடிந்தது. நம் வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியேறுவது எங்கே போகும்? அலமாரிக்குப் பின்னால்தான். மறுநாள் காலையில் உலர்ந்துபோன உடல்தான் கிடைக்கும்.

ஐந்தாவது, ஆபத்து. இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் நீலவளைய ஆக்டோபஸ் என்று உள்ளங்கையில் அடங்கும் ஓர் இனம் உண்டு. அழகுக்காக அதையும் சிலர் வாங்கியிருக்கிறார்கள். அதன் கடியில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு ஏறுகிறது. மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. இதற்கு முறிமருந்து இல்லை. நஞ்சின் வேகம் தணியும் வரை செயற்கைச் சுவாசம் கொடுப்பது ஒன்றே வழி.

இத்தனையும் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. பணமும் பொறுமையும் உள்ளவர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

ஓர் ஆண்டு விருந்தாளி

இப்போது என் முக்கியமான காரணத்துக்கு வருகிறேன்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் தங்கமீன் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். நாய் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வாழும். இருபுள்ளி ஆக்டோபஸின் ஆயுள் என்ன தெரியுமா? ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள். அவ்வளவுதான்! பெரும்பாலான ஆக்டோபஸ் இனங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு பருவத்தில்தான் இனம் பெருக்குகின்றன. ஆண், இணை சேர்ந்த சில மாதங்களில் தளர்ந்து இறக்கிறது. பெண், முட்டைகளைப் பாறைப் பொந்தில் ஒட்டி வைத்து, இரவும் பகலும் காவல் காக்கிறது. கைகளால் தடவித் தூசு அகற்றுகிறது. நீரைப் பீய்ச்சிக் காற்றோட்டம் தருகிறது. உணவைத் தொடுவதில்லை. குஞ்சுகள் வெளிவரும் நேரத்தில் மெலிந்து உயிரை விடுகிறது. பசிபிக் கடலின் 1,400 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆக்டோபஸ் தாய் 2007 முதல் 2011 வரை 53 மாதங்கள் முட்டைகளை விட்டு நகராமல் இருந்ததை விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இது பட்டினியால் வரும் சாவு மட்டும் இல்லை. கண்களுக்குப் பின்னாலுள்ள பார்வைச் சுரப்பிகளில் இதன் இரகசியம் இருக்கிறது. 1977-இல் ஜெரோம் வொடின்ஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானி, அடைகாத்துக்கொண்டிருந்த பெண் ஆக்டோபஸ்களின் அந்தச் சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். அவை முட்டைகளைக் கைவிட்டன. மறுபடி உண்ணத் தொடங்கின. மற்றவற்றைவிட நெடுநாள் வாழ்ந்தன. ஆக, முடிவின் கடிகாரம் அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை அன்பாகக் கவனித்தாலும் அந்தக் கடிகாரத்தை நிறுத்த முடியாது.

இதிலிருந்து ஒரு சிறு கணக்குப் போடுங்கள். கடலில் பிடித்து விற்கப்படும் ஆக்டோபஸுக்குப் பிடிபடும்போதே பல மாத வயது ஆகியிருக்கும். வயதைச் சொல்ல யாராலும் முடியாது. வாங்கிய ஆறாவது மாதத்திலேயே அது இறக்கலாம். அத்தனை செலவு செய்த தொட்டியை யாராவது சும்மா விடுவார்களா? இன்னொன்று வாங்குவார்கள். பத்து ஆண்டுகளில் ஒரு தங்கமீன் தொட்டிக்கு ஒரு தங்கமீன் போதும். ஓர் ஆக்டோபஸ் தொட்டி அதே பத்து ஆண்டுகளில் பல ஆக்டோபஸ்களை விழுங்கும். கடலிலிருந்து கொண்டுவரும் வழியில் இறப்பவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

குஞ்சு பொரித்தால் தீருமா?

"கடலிலிருந்து பிடித்தால்தானே குறை? தொட்டியிலேயே இனம் பெருக்கிவிட்டால்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எதிர்த்தரப்பின் வலுவான வாதமும் இதுதான்.

ஆக்டோபஸ்களில் இரண்டு வகைத் தாய்மார்கள் உண்டு. ஒரு வகை, சிறு முட்டைகளை ஏராளமாக இடும். சாதாரண ஆக்டோபஸ் எனப்படும் ஆக்டோபஸ் வல்காரிஸ் அரிசி மணி அளவுள்ள முட்டைகளை ஒரு இலட்சத்துக்கும் மேல் இடுகிறது. அதிலிருந்து வெளிவரும் குஞ்சு 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒவ்வொரு கையிலும் மூன்றே மூன்று உறிஞ்சிகள். தரைக்கு வராமல், மிதவை உயிரிகளுடன் ஒன்று, இரண்டு மாதங்கள் கடலில் மிதந்து திரியும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நண்டுக் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். இதைத் தொட்டியில் வளர்த்து ஆளாக்குவது பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே கடினமான வேலை.

மற்ற வகை, பெரிய முட்டைகளைக் குறைவாக இடும். இருபுள்ளி ஆக்டோபஸ் இந்த வகை. இதன் குஞ்சு பிறந்ததுமே தாயின் சிறு அச்சாகத் தரையில் ஊர்ந்து இரை தேடும். அதனால்தான் இது வீட்டுத் தொட்டியிலும் சில சமயம் பிழைக்கிறது.

சரி, நூறு குஞ்சுகள் வெளிவந்தன என்று வைத்துக்கொள்வோம். தாய் இறந்துவிட்டது. குஞ்சுகளை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே நூறு தனித்தனிக் கிண்ணங்கள் அல்லது அறைகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் நீர் ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உயிருள்ள மிகச்சிறு இரை நாள்தோறும் வேண்டும். சில மாதங்களில் ஒவ்வொன்றுக்கும் பெரிய தொட்டி வேண்டும். நூறு தொட்டிகள்! இல்லாவிட்டால் அவற்றை வாங்கிக்கொள்ளும் நூறு வீடுகள். அந்த நூறு வீடுகளுக்கும் அடுத்த ஆண்டு மறுபடி ஆக்டோபஸ் வேண்டும். நடைமுறையில் நடப்பது என்ன? பெரும்பாலான குஞ்சுகள் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோகின்றன. குஞ்சு பொரித்தது என்ற மகிழ்ச்சிச் செய்திதான் நம்மை எட்டுகிறது. மூன்று மாதம் கழித்து எத்தனை மிஞ்சின என்ற கணக்கு அவ்வளவு தூரம் வருவதில்லை.

இதற்கு விலக்கும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. பசிபிக் கடலின் நடு அமெரிக்கக் கரையோரம் ஆக்டோபஸ் கியர்க்கியே என்ற சிறு வரிக்குதிரை போன்ற இனம் வாழ்கிறது. அது ஒருமுறை முட்டையிட்டதும் சாவதில்லை, மறுபடியும் முட்டையிடுகிறது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் இதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, 2021-இல் அந்த முறையை வெளியிட்டார்கள். இதனால் கடலில் பிடிக்காமலே ஆராய்ச்சிக்கு ஆக்டோபஸ்கள் கிடைக்கும். இது பாராட்டத்தக்க வேலை. ஆனால் அங்கே பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு முட்டையையும் ஒவ்வொரு சாவையும் கணக்கெழுதி வைக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை வரவேற்பறை மேசைக்குக் கொண்டுவர முடியுமா?

எதிர்த்தரப்பின் இன்னும் இரண்டு வாதங்கள்

"உலகில் இலட்சக்கணக்கான டன் ஆக்டோபஸைப் பிடித்துத் தின்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சில தொட்டிகள் எம்மாத்திரம்?" என்பது ஒரு வாதம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை இது உண்மைதான். வீட்டுத் தொட்டிகளால் சாதாரண இனங்கள் கடலில் தீர்ந்துபோய்விடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் விலை உயர்ந்து விற்பவை சாதாரண இனங்கள் இல்லையே! பாம்பு போலவும் மீன் போலவும் வேடமிடும் போலி ஆக்டோபஸுக்கு 2005-இல்தான் விஞ்ஞானப் பெயரே வைத்தார்கள். வொண்டர்பஸ் என்ற இனத்துக்கு 2006-இல் வைத்தார்கள். கடலில் அவை எத்தனை இருக்கின்றன என்ற கணக்கே எடுக்கப்படாமல், தொட்டிகளுக்காகப் பிடிக்கப்பட்டன. இருப்புத் தெரியாத பையிலிருந்து எடுத்துச் செலவு செய்வது அறிவுடைமை ஆகுமா?

இன்னொன்றும் உண்டு. மீன்பிடிப்பவர் அந்தப் பிராணியைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்கவில்லை. வளர்ப்பவரோ அதைச் செல்லப்பிராணி என்கிறார், பெயர் வைக்கிறார். வளர்க்கிறேன் என்று சொன்னவுடனே அதன் நலத்துக்கு அவர் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தால், சொல்லாமல் இருப்பதே நேர்மை.

"பிராணிகளை வளர்த்தால்தான் பிள்ளைகளுக்கு இயற்கைமீது அன்பு வரும்" என்பது இரண்டாவது வாதம். இதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். புத்தகத்தில் படித்த நத்தையைவிடக் கையில் ஊர்ந்த நத்தை மனத்தில் நிற்கும். ஆனால் அன்பு வளர எந்தப் பிராணி ஏற்றது என்பதுதான் கேள்வி. நம்மிடம் சுகமாக வாழக்கூடியதா, நம்மிடம் வந்ததாலேயே வாடக்கூடியதா?

உலகம் இந்தத் திசையில்தான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆய்வுக்கூடப் பிராணிகளைக் காக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு விதிகளில் ஆக்டோபஸும் கணவாயும் இடம்பெற்றன. பிரிட்டனில் ஜோனதன் பர்ச் தலைமையிலான அறிஞர் குழு 300-க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, இவை உணர்ச்சியுள்ள உயிர்கள் என்று 2021-இல் அறிக்கை தந்தது. 2022-இல் அந்த நாட்டுச் சட்டமும் அதை ஏற்றது. அமெரிக்காவில் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் உணவுக்காக ஆக்டோபஸ் பண்ணை வைப்பதை 2024-இல் தடை செய்தன. இவையெல்லாம் ஆய்வுக்கூடம், அரசின் கொள்கை, பண்ணை ஆகியவற்றைப் பற்றியவை. வீட்டுத் தொட்டியைப் பற்றி நாமே யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நான்கு கேள்விகள்

எந்தப் பிராணியை வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: அது எங்கே பிறந்தது, காட்டிலும் கடலிலும் பிடித்ததா, மனிதரிடம் பல தலைமுறை வளர்ந்ததா?

இரண்டு: அதற்கு வேண்டிய நீர், இடம், உணவு, வேலை எல்லாவற்றையும் நம்மால் தினமும் தர முடியுமா? வேலை என்றதும் சிரிக்காதீர்கள். புட்டியைத் தள்ளி விளையாடும் பிராணிக்குச் சும்மா இருப்பதும் ஒரு தண்டனையே.

மூன்று: அதன் ஆயுள் எவ்வளவு, குட்டி போட்டால் அல்லது குஞ்சு பொரித்தால் அவை எங்கே போகும்?

நான்கு: அதைப் பார்த்து நாம் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம்?

தங்கமீன் இந்தத் தேர்வில் தேறிவிடும். ஆக்டோபஸ் முதல் மூன்று கேள்விகளிலேயே தவறிவிடுகிறது. நான்காவதில் மட்டும் நிறைய மதிப்பெண் வாங்கும். ஆனால் அந்த விடைகளை இன்று காட்சிச்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் கடலுக்கடியில் எடுத்த படங்களிலும் நாம் பெற முடியும். ழான் பவர் அம்மையாருக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதற்காகத் தொட்டி செய்தார். நம்மிடம் முதலில் கேள்வி இருக்கட்டும். தொட்டி அப்புறம்.

இப்போதே செய்து பாருங்கள்

ஆக்டோபஸின் உறவினர் ஒருவரை நீங்கள் சில நாள் விருந்தாளியாக அழைக்கலாம். பெரியவர்கள் துணையுடன் பக்கத்துக் குளத்துக்குப் போய் இரண்டு, மூன்று சிறு குளத்து நத்தைகளைக் கொண்டுவாருங்கள். வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் அதே குளத்து நீரையும் சிறிது நீர்ச்செடியையும் இடுங்கள். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். புட்டியையும் நத்தையையும் தொட்ட பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள். குளத்து நத்தைகளில் ஒட்டுண்ணிகள் இருக்கலாம்.

கண்ணாடியில் பாசி படிந்ததும் நத்தை அதில் ஊர்ந்து மேயும். அப்போது உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதன் வாயைப் பாருங்கள். அரம் போன்ற நாக்கு வெளிவந்து பாசியைச் சுரண்டிக்கொண்டு உள்ளே போகும். அதே அரநாக்கு ஆக்டோபஸின் அலகுக்குள்ளும் இருக்கிறது! ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுரண்டுகிறது? இரவில் அதிகமா, பகலில் அதிகமா? கண்ணாடியில் கூழ் போன்ற முட்டைத் திரள் தெரிந்தால், முட்டையிட்ட நாள் முதல் குஞ்சு வெளிவரும் நாள் வரை எத்தனை நாள்? நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுங்கள். வேலை முடிந்ததும் நத்தைகளையும் குஞ்சுகளையும் எடுத்த குளத்திலேயே விட்டுவிடுங்கள். வேறு குளத்தில் விட வேண்டாம்.

கடலோரத்தில் இருப்பவர்கள் வற்றுநீர் நேரத்தில் பாறைக் குட்டைகளைப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பேய்க்கணவாய் பொந்திலிருந்து உங்களை எட்டிப் பார்க்கும். நிறம் மாறும், கல்லோடு கல்லாகும். கையை விடாமல் தள்ளி நின்று பாருங்கள். அது ஐந்து நிமிடம் தன் வீட்டில் வாழ்வதைப் பார்ப்பது, உங்கள் வீட்டில் ஐந்து மாதம் வாடுவதைப் பார்ப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். அப்படியானால் வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து விவாதியுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வாதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும்!